ஈர விரல்

சுட்டுவிரலை நாக்கில் ஒரு தொடு தொட்டு, முத்திரையின் ஓரத்தில் வைத்துக் கால் வட்டம் தேய்க்கிறார். விரலைத் திருப்பிப் பார்க்கிறார். ஊதா ஒட்டியிருக்கிறது. "ம்" என்கிறார். அந்த "ம்" வந்துவிட்டால் தாள் அசல். வராவிட்டால் தாளைக் கொண்டுவந்தவன் பாடு திண்டாட்டம்தான்.

அடுத்து தாள் டியூப்லைட்டுக்கு நேரே போகும். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கோழிமுட்டையில் குஞ்சு இருக்கிறதா என்று பார்ப்பவரைப் போலப் பார்ப்பார். கடைசியில் மோந்து பார்ப்பார். மோப்பத்தில் என்ன தெரியும் என்று ஒருத்தருக்கும் தெரியாது. கேட்டால், "பொய்க்கு ஒரு வாட இருக்கு" என்பார். அதற்கு மேல் சொல்ல மாட்டார்.

கடை, பதிவு அலுவலகத்துக்கு எதிர்வரிசையில், ஒரு மாடிப்படிக்கு அடியில் இருக்கிறது. நகல் எடுக்கும் மெஷின் ஒன்று, கம்ப்யூட்டர் ஒன்று, நாலு பேர் உட்காரும் பெஞ்சு ஒன்று, பசைப் புட்டி, நூல் கட்டிய பேனா. உள்ளே போகப் போகக் கூரை சரிந்துகொண்டே வரும். புதிதாக வருகிறவர்கள் தலையை இடித்துக்கொள்வார்கள். அதிலும் இவருக்கு ஒரு சோதனை உண்டு. "இடிச்சுக்கிட்டு 'அம்மா'ன்னு கத்துறவன நம்பலாம். இடிச்சுக்கிட்டும் சிரிக்கிறான் பாரு, அவன் தாள நல்லா தேய்ச்சுப் பாக்கணும்."

ஊரில் இவருக்கு உரசல் என்று பெயர். முகத்துக்கு நேரே என்றால் உரசல் அண்ணே. கோபம் கிடையாது. "சொரியல்னு வைக்காம விட்டானுங்களே" என்று விட்டுவிடுவார்.

வெளிநாட்டுக்குப் போகிறவர்களுக்கு விண்ணப்பம் நிரப்புவதுதான் முக்கியமான தொழில். படிக்கப் போகிறவர்கள், வேலைக்குப் போகிறவர்கள், அங்கே இருக்கும் ஒருவரைக் கல்யாணம் பண்ணப் போகிறவர்கள். கல்யாணக் கூட்டம் வந்தால்தான் இவர் நிமிர்ந்து உட்காருவார். ஒருமுறை ஓர் ஆள் 'மணமாகாதவர்' சான்றுக்கு விண்ணப்பிக்க வந்தான். பெயர், முகவரி எல்லாம் எழுதி முடித்தவர், அவன் கையைப் பார்த்தார். வெயிலில் கறுத்த கை. மோதிர விரலில் மட்டும் ஒரு வளையம் அளவுக்கு வெளுப்பு.

"மோதிரத்த எங்க கழட்டி வெச்சுட்டு வந்தீங்க?"

அந்த ஆள் எடுத்து வைத்த போட்டோக்களைக்கூடத் திரும்ப வாங்காமல் போய்விட்டான். அந்தப் போட்டோ இன்றும் மெஷினுக்கு மேலே ஒட்டியிருக்கிறது. வருகிறவர்களிடம் காட்டி, "நல்ல மூஞ்சிதான், என்ன?" என்பார்.

இவ்வளவு தாள் எழுதியவர், யாருக்கும் சாட்சிக் கையெழுத்து மட்டும் போட்டதில்லை. "எழுதித் தர்றது என் வேல. நீ யாருன்னு சத்தியம் பண்றது உங்கப்பன் வேல."

மெஷினைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நாலு வருடத்துக்கு முன்னால் ஒருவர் சாவிக்கொத்தை அதன் கண்ணாடிமேல் வீசிவிட்டார். சின்னக் கீறல். அன்றிலிருந்து அதில் எடுக்கும் ஒவ்வொரு நகலிலும் இடப்பக்கம் அடியில் ஒரு மெல்லிய கோடு விழுகிறது. முனையில் கொக்கி போல வளைந்து, மீன்முள் மாதிரி இருக்கும். தெரிந்தால்தான் கண்ணில் படும். கண்ணாடியை மாற்றச் சொன்னால் மாற்ற மாட்டார். "அது இருக்கட்டும். எவனாவது என் நகல வெச்சு வேல காட்டினா, நான் கண்டுபிடிக்க வேணாமா?"

இவருக்கு ஐம்பத்து மூன்று வயது. கல்யாணம் ஆகவில்லை. ஆகியிருக்க வேண்டியது. இருபத்தெட்டு வயதில் ஒரு பெண் அமைந்து, எல்லாம் பேசி முடித்தார்கள். பெண்ணின் பள்ளிச் சான்றிதழைக் கொடுங்கள் என்று கேட்டு வாங்கி, அவள் அப்பாவின் முன்னாலேயே விரலை நாக்கில் தொட்டு முத்திரையைத் தேய்த்துவிட்டார். ஊதா ஒட்டியது. "ம்" என்றார். பெண்ணின் அப்பா சான்றிதழைத் துடைத்து மடித்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

அப்பா, அம்மா போன பிறகு வீட்டில் இவரும் தங்கையும்தான். தங்கைக்கு நாற்பத்தொன்று. மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. லென்ஸைச் சட்டத்துக்கு ஏற்றபடி சாணையில் தேய்த்துப் பொருத்துவது அவள்தான். அதிகம் பேச மாட்டாள். ஒரு லென்ஸை விளக்குக்கு முன்னால் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அதே பார்வையோடு ஆளையும் பார்ப்பாள். புதன்கிழமை அவளுக்கு விடுமுறை. அன்று மதியம் அண்ணன் சாப்பிட வீட்டுக்குப் போகும்போது, அவள் வந்து கடையைப் பார்த்துக்கொள்வாள். மாலையில் இரண்டு பேருமாகக் கடையைப் பூட்டிக்கொண்டு கிளம்புவார்கள். பத்தடி போனதும் அண்ணன் நிற்பார்.

"பூட்டின?"

"பூட்டினேண்ணே."

திரும்பிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு வருவார். இருபது வருடமாக இதே பத்தடி.

இப்படிப்பட்ட வீட்டில்தான், லிப்டு பழுதுபார்க்கும் மெக்கானிக் ஒருவன் வந்து நுழைந்தான். வெளிநாட்டில் வேலை. குடியுரிமையும் அங்கேதான். மனைவி இறந்து நாலு வருடம். லீவில் வந்தவன் மூக்குக்கண்ணாடி செய்யக் கொடுத்தான். வாங்கிப் போனவன் மறுநாள் வந்து, "கொஞ்சம் இறுக்கமா இருக்குங்க" என்றான். அடுத்த நாள் "தளர்வா இருக்கு". அதற்கு அடுத்த நாள் "எதுக்கும் ஒருக்கா பாத்துடுங்க". மூன்று முறையும் கண்ணாடியில் ஒரு குறையும் இல்லை. மூன்றாம் முறை தங்கைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவன் வெளிநாடு திரும்பிய பிறகு ஒன்றரை வருடம் போனில் பேசினார்கள். அதன் பிறகு அண்ணனிடம் சொன்னாள்.

"நல்லா இருக்கிற கண்ணாடிய மூணு தடவ சரியில்லன்னு சொன்னவன்," என்றார் அண்ணன். "நாலாவது தடவ பொண்டாட்டி சரியில்லன்னு சொல்ல மாட்டானா?"

அன்றிலிருந்து அவனுக்கு 'லிப்டு' என்று பெயர் வைத்துவிட்டார். வீடியோ போனில் விசாரணை நடந்தது.

"கேமராவ அந்தப் பக்கம் திருப்புங்க. அது என்ன கதவு?"

"பாத்ரூம்ங்க மச்சான்."

"மச்சான்லாம் அப்புறம். திறங்க."

அவன் திறந்து காட்டினான். வாஷ்பேசினுக்கு மேலே ஒரு குவளையில் ஒரே ஒரு பல் பிரஷ்.

போனை வைத்ததும் தங்கை கேட்டாள். "பாத்தியா? ஒண்ணுதான் இருக்கு."

"அதான் இடிக்குது. கேக்கப் போறேன்னு தெரிஞ்சு இன்னொன்ன ஒளிச்சு வெச்சிருக்கான்."

தங்கை அண்ணனுக்காகக் காத்திருக்கவில்லை. கல்யாணப் பதிவு அங்கே. அதற்கு இவள் 'மணமாகாதவர்' என்று இங்கிருந்து சான்று போக வேண்டும். சான்றுக்கு, ரத்த உறவு ஒருவர் நோட்டரி முன்னால் உறுதித்தாளில் கையெழுத்துப் போட வேண்டும். தாய்மாமாவை அழைத்துப் போனாள். மாமா போட்டார். சான்று வந்தது. வந்த அன்றைக்கே அதை அண்ணனிடம் காட்டினாள். இருபது தடவை அலைந்து வாங்கிய தாள் ஆயிற்றே, யாரிடமாவது காட்ட வேண்டாமா?

அண்ணன் வாங்கினார். விரல் நாக்குக்குப் போனது. அன்று காலையில்தான் குத்திய முத்திரை. மை சரியாகக் காயவில்லை. கால் வட்டம் தேய்த்ததில் ஊதா இழுத்துக்கொண்டு போய் அதிகாரியின் கையெழுத்தின் மேல் ஏறிவிட்டது.

"ம்," என்றார். "அசல்தான்."

தங்கை தாளை வாங்கிக் காற்றில் காயவைத்தாள். மறுநாள் அனுப்பினாள். இரண்டு மாதம் கழித்துத் திரும்பி வந்தது. கூடவே அங்குள்ள அலுவலகத்தின் குறிப்பு ஒன்று: முத்திரை திருத்தப்பட்டிருக்குமோ என்று சந்தேகம், புதிய சான்று தேவை. ஊரில் இருக்கிற தாளையெல்லாம் சந்தேகப்பட்டவரின் வீட்டுத் தாளை, எங்கோ ஒருவன் சந்தேகப்பட்டுவிட்டான்.

அதற்குள் மாமா போய்ச் சேர்ந்துவிட்டார். பழைய உறுதித்தாள் செல்லாது, கையெழுத்துப் போட்டவரே இல்லையே என்றார்கள் கவுண்டரில். இனி ரத்த உறவு என்று இருப்பது ஒரே ஓர் ஆள். யாருக்கும் சாட்சிக் கையெழுத்துப் போடாத ஆள். அங்கே பதிவுக்குக் கொடுத்திருந்த தேதியும் நெருங்கிக்கொண்டிருந்தது. அது தவறினால் முதலிலிருந்து வரிசையில் நிற்க வேண்டும். தவறவிட்டால் இன்னும் ஒரு வருடம் என்றார்கள்.

"போடுறேன்," என்றார் அண்ணன். "அவன் பொண்டாட்டி செத்ததுக்கு அசல் சான்ற நான் கண்ணால பாக்கணும். நகல் வேணாம். போட்டோ வேணாம். அசல்."

மெக்கானிக் அசலையே கூரியரில் அனுப்பினான். பதிவு அலுவலகத்தில் அவனும் அதைத்தான் காட்ட வேண்டும், பார்த்ததும் திருப்பி அனுப்பிவிடுங்கள் என்று எழுதியிருந்தான். ஒரு வெள்ளிக்கிழமை காலை, தங்கை ஒரு கண்ணாடித்தாள் உறையில் அதை அண்ணனிடம் நீட்டினாள்.

"தொடாம பாருண்ணே."

"கடையில வெளிச்சம் நல்லா இருக்கும்," என்று எடுத்துக்கொண்டு போனார்.

கடையைத் திறந்ததும் முதல் வேலை, தாளை உறையிலிருந்து எடுத்ததுதான். நீல வட்ட முத்திரை. விரலை நாக்கில் தொட்டார், தேய்த்தார், திருப்பிப் பார்த்தார். விரலில் ஒன்றும் இல்லை. மறுபடி தேய்த்தார். ஒன்றும் இல்லை. மூன்றாம் முறை அழுத்தித் தேய்த்தார். தாள்தான் நொய்ந்தது, மை வரவில்லை. அச்சடித்த முத்திரை.

அவருக்கு உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி. இத்தனை மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தது கையில் கிடைத்துவிட்டது. தாளை டியூப்லைட்டுக்கு நேரே தூக்கினார். மேலிருந்து கீழே வந்தார். இடப்பக்கம், அடியில், ஒரு மெல்லிய கோடு. முனையில் கொக்கி.

பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து மெஷினில் ஒரு வெள்ளைத்தாளை நகல் எடுத்து, இதன்மேல் வைத்து வெளிச்சத்தில் பிடித்தார். முள்ளின்மேல் முள் உட்கார்ந்தது. வெளிநாட்டிலிருந்து வந்த சாவுச் சான்று, இவருடைய படிக்கட்டுக் கடையில் பிறந்திருக்கிறது.

அன்று வந்தவர்களுக்கெல்லாம் கஷ்டகாலம். ஒரு பெரியவரின் ஓய்வூதியத் தாளை ஐந்து முறை தேய்த்தார். மனசுக்குள் ஒவ்வொரு முகமாக ஓடியது. லிப்டு ஊருக்குள்ளேயே ஒளிந்திருக்கிறானா? ஆளை விட்டு எடுத்தானா? பக்கத்து அறையில் இருக்கிற நோட்டரி வக்கீலிடம் கடையின் மாற்றுச் சாவி ஒன்று இருக்கிறது. மறுநாள் டீ கிளாஸோடு அங்கே போய் நின்றார்.

"வக்கீல் சார், நான் இல்லாதப்ப என் மெஷின யாராச்சும் தொட்டாங்களா?"

வக்கீல் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "என்னையா சந்தேகப்படுற?"

"சும்மா கேட்டேன்."

"நீ சும்மா கேட்டாலே அதுதானய்யா அர்த்தம். என் சாவி துரு ஏறிக் கெடக்கு, வேணும்னா அதையும் நக்கித் தேய்ச்சுப் பாரு." டீயை ஒரு வாய் குடித்துவிட்டு வக்கீல் கேட்டார். "புதன்கிழம மத்தியானம் உன் கடையில யாரு இருப்பா?"

கிளாஸைக் கீழே வைத்துவிட்டு வந்துவிட்டார். இது அவருக்குத் தோன்றாமல் இல்லை. தோன்றியதைத்தான் ஒரு நாள் முழுக்க வேறு முகங்களைப் போட்டு மறைத்துக்கொண்டிருந்தார்.

மூன்று நாள் வீட்டில் பேச்சில்லை. சாப்பிடும்போது தங்கையின் கையைப் பார்த்தார். போனில் அவள் சிரிப்பதைச் சுவருக்கு இந்தப் பக்கமிருந்து கேட்டார். அவனும் இவளுமாகச் சேர்ந்து நம்மை மடையனாக்கிவிட்டார்கள். இல்லை, அவன் இவளை மடைச்சியாக்கியிருக்கிறான். இல்லை, இவள் எப்போது இவ்வளவு தூரம் போனாள்? பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்தார்.

புதன்கிழமை மதியம் அவள் வந்தபோது அவர் சாப்பிடப் போகவில்லை. தாளை மெஷின்மேல் விரித்து வைத்திருந்தார். கேட்க ஏழு கேள்வி தயார் செய்திருந்தார்.

"இது எங்க எடுத்தது?"

"இங்கதான்," என்றாள் தங்கை. "போன புதன்கிழம. கலர் நகல்."

ஏழில் ஆறு கேள்வி அதோடு வீணாயிற்று. மிச்சம் இருந்ததைக் கேட்டார்.

"அசல் எங்க?"

"எங்க கடையில. லென்ஸ் அலமாரியில வெச்சுப் பூட்டியிருக்கேன்."

"எங்கிட்ட ஏன் இதக் குடுத்த?"

அவள் தாளை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தாள். முத்திரை இருந்த இடத்தில் தாள் பஞ்சு பஞ்சாகக் கிளம்பியிருந்தது.

"தொடாதேன்னு சொன்னேன்ல. எத்தன தடவ தேய்ச்ச?"

"ஒரு தடவ."

"அண்ணே."

"...மூணு."

"அசலா இருந்தா இந்நேரம் ஓட்ட விழுந்திருக்கும். அவருக்கு இருக்கிறது அந்த ஒரு தாள்தான். நீ தேய்ப்பியா மாட்டியான்னு எனக்குத் தெரியணும். தெரிஞ்சுடுச்சு."

ஊரைச் சோதித்தவருக்கு, தன்னை ஒருத்தி சோதித்துவிட்டாள் என்பது உறைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. கோபப்படலாம் என்று பார்த்தார். எந்தப் பக்கத்திலிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

தங்கை நூல் கட்டிய பேனாவை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள். விண்ணப்பக்காரர்களிடம் இவர் கேட்பாரே, அதே மாதிரி, அவசரப்படாமல் கேட்டாள்.

"மொதல்ல வந்த என் தாள தேய்ச்சியே. அது கை தானா போனதா, இல்ல நீயா தேய்ச்சியா?"

அவர் மெஷினைப் பார்த்தார். மேலே ஒட்டியிருந்த மோதிரக்காரனின் போட்டோவைப் பார்த்தார்.

"கை தானா போச்சு."

அவள் லென்ஸைப் பார்ப்பது போல அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "ம்" என்ற சத்தம் அவளிடமிருந்து வரவில்லை.

"வெள்ளிக்கிழம கடைசி நாள்," என்றாள். "வக்கீல் சார்கிட்ட அசலோட வர்றேன். போட்டீன்னா போவேன். போடலன்னா இங்கதான் இருப்பேன். ஆனா உன் வீட்ல இல்ல. லேடீஸ் ஹாஸ்டல்ல பேசி வெச்சிருக்கேன்."

"யாரப் பாத்து..."

"பூட்ட நீயே தனியா இழுத்துப் பாத்துக்க."

வெள்ளிக்கிழமை அவள் சொன்ன நேரத்துக்கு வந்தாள். சாவுச் சான்றை இரண்டு கண்ணாடித் தகட்டுக்கு நடுவே வைத்து, நாலு பக்கமும் கிளிப் போட்டிருந்தாள். கடையில் லென்ஸ் அடுக்கும் தட்டின் கண்ணாடி. வக்கீல் பார்த்துவிட்டு, "ஆஸ்பத்திரியில சோதனைக்கு எடுத்துட்டுப் போற மாதிரி இருக்கேம்மா" என்றார்.

"வெளிச்சத்துல பாக்கலாமா?" என்று கேட்டார் அண்ணன். அவர் வாழ்நாளில் இந்தக் கேள்வியை யாரிடமும் கேட்டதில்லை.

"கண்ணாடியோட பாரு."

ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். தாளுக்குள் நீரோட்டம் போல ஒரு சின்னம் தெரிந்தது. இடப்பக்கம் அடியில் பார்த்தார். முள் இல்லை. மூக்கைக் கொண்டுபோனார், கண்ணாடிதான் மணந்தது. பிறகுதான் எழுத்தைப் படித்தார். ஒரு பெண்ணின் பெயர். பிறந்த தேதி, இறந்த தேதி. மனசுக்குள் கழித்துப் பார்த்தார். முப்பத்தெட்டு.

"என்ன வியாதியாம்?"

"மூளையில கட்டி," என்றாள் தங்கை. "அவரே கேட்டாரு. உங்க அண்ணன் பாத்ரூம்கூடத் திறக்கச் சொல்லிப் பாத்தாரு, இத மட்டும் ஒரு நாளும் கேக்கலையேன்னு."

கண்ணாடியைப் பத்திரமாக மேஜைமேல் வைத்தார். உறுதித்தாளை இழுத்துக்கொண்டார். தானே நூறு பேருக்கு எழுதிக் கொடுத்த வாசகம்தான். இவர் என் உடன்பிறந்த தங்கை, இவருக்கு இதுவரை திருமணம் ஆகவில்லை, இப்போது திருமணம் செய்ய எந்தத் தடையும் இல்லை. 'எந்தத் தடையும் இல்லை' என்ற இடத்தில் கண் நின்றது. மறுபடி முதலிலிருந்து படித்தார். வக்கீல் பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டினார்.

போட்டார். கையெழுத்து பழக்கமில்லாத இடத்தில் போட்டதுபோல் கொஞ்சம் கோணியது.

வக்கீல் முத்திரையை மைப்பெட்டியில் இரண்டு குத்து குத்தி, தாளில் வைத்து அழுத்தி எடுத்தார். வட்டமாக, பளபளவென்று, ஈரமாக இருந்தது ஊதா. தங்கையின் கண் தாளில் இல்லை, அண்ணனின் விரலில் இருந்தது. வக்கீலும் அங்கேதான் பார்த்தார்.

வலது கை பாதி தூரம் எழும்பியது. அங்கேயே நின்றது. பிறகு முதுகுக்குப் பின்னால் போனது. இடது கை போய் அதைப் பிடித்துக்கொண்டது. இரண்டு கையையும் பின்னால் கட்டியபடி மேஜைமேல் குனிந்தார். உதட்டைக் குவித்து முத்திரையின்மேல் ஊத ஆரம்பித்தார். வக்கீல் "போதும்யா, காஞ்சுடுச்சு" என்றார். அவர் நிமிராமல் ஊதிக்கொண்டே இருந்தார்.